சுளகில் கொழித்த மணல்

அந்தப் பெட்டி வாய்விட்டுக் கத்தியது செல்லக்கிளியின் வீட்டுப் புறவாசலில்தான். அதற்கு முன் நாலு நாளாகக் கடற்கரை, உப்பளத்து வரப்பு, உடைமரக்காடு என்று ஆபீசரின் தோளில் தொங்கிக்கொண்டு ஊரையே சுற்றி வந்தபோதெல்லாம் அது விட்டு விட்டு டிக், டிக் என்றதே தவிர வேறு சேதி சொல்லவில்லை. அன்றைக்கு ஆபீசர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். செல்லக்கிளி செம்பை நீட்டினாள். அவர் வாங்கக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு பிடி கடுகை அள்ளிப் போட்டதுபோலப் பெட்டி படபடவென்று வெடித்தது.

செல்லக்கிளி பயந்து செம்பைக் கீழே விட்டாள். ஆபீசர் அவளைவிட அதிகமாகப் பயந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். புறவாசலில் ஒரு கோழி, ஒரு துவைகல், ஒரு குழி. குழிக்குள் இடுப்பளவு மணலில் புதைந்தபடி ஏழு வயசுப் பெண்பிள்ளை ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் பிள்ளையை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். பெட்டி இன்னும் வேகமாகக் கத்தியது. இரண்டு எட்டு பின்னால் வந்தார். கொஞ்சம் அடங்கியது. மறுபடி முன்னால் போனார். மூன்றாம் தடவை பெட்டியின் கழுத்தைத் திருகி அணைத்துவிட்டார்.

"பாப்பா ஏன் மணலுக்குள்ள இருக்கு?" என்று கேட்டார். நாக்கு உலர்ந்திருந்தது. தண்ணீர் கேட்டதை மறந்துபோயிருந்தார்.

அது எழுபத்துநாலாம் வருஷம் ஆனி மாதம். ராஜஸ்தான் பாலைவனத்தில் பூமிக்கு அடியில் குண்டு வெடித்துப் பார்த்தோம் என்று ரேடியோ சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வேம்பாருக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளி நாற்பது வீடு கொண்ட பனங்காட்டுத்துறைக்கு ஜீப் வந்து நின்றதும், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மண்ணெண்ணெய் இருக்கிறது என்றான் ஒருவன். தங்கம் என்றான் இன்னொருவன். கிராம முன்சீப் அருமைநாயகம் மட்டும் எல்லாம் தெரிந்தவர் மாதிரி, "சர்க்கார் கனிமம் தேடுது, வாய மூடிக்கிட்டு இருங்கலே" என்றார். அவருக்கும் அதற்குமேல் தெரியாது.

ஆபீசர் பெயர் தேவபிரசாதம். பாளையங்கோட்டைக்காரர், இருபத்தாறு வயசு, மத்திய சர்க்கார் சர்வேயில் வேலை. வேம்பாரில் கூடாரம் அடித்திருந்தார். ஊர்ப் பெண்களை அக்கா என்று கூப்பிடுவார். அதனால் செல்லக்கிளிக்கு அவரிடம் பேச வெட்கம் இல்லை.

"இளம்பிள்ளை வாதம் சார்" என்றாள். "ரெண்டு வயசுல ஒரு காய்ச்சல். மூணாம் நாள் எந்திச்சா, காலு ரெண்டும் துணி மாதிரி தொங்குது."

தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதையும், அங்கே டாக்டர் காலைப் பிடித்துவிடுங்கள், நிற்கப் பழக்குங்கள், வேறு மருந்தில்லை என்று சொன்னதையும் சொன்னாள். திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் வெயில் மணலில் இடுப்புவரை புதைத்து வை, சூட்டில் நரம்பு முறுக்கேறும் என்றாள். கடற்கரை ஊர்களில் இது புதுசில்லை. கால் விளங்காத பிள்ளைகளைக் கரையில் குழி தோண்டி உட்கார வைத்திருப்பதை அந்தப் பக்கத்தில் யாரும் நின்று பார்ப்பதுகூடக் கிடையாது. செல்லக்கிளியும் அப்படித்தான் தொடங்கினாள்.

ஆனால் மற்ற தாய்மார் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். அவள் பிறந்தது தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர். உப்பளத்து வேலைக்காரன் இசக்கியப்பனுக்கு வாக்கப்பட்டு உப்புக்காற்றுக்கு வந்தாலும், கை சுளகை மறக்கவில்லை. நெல்லைப் புடைத்தால் பதர் பறந்துபோகும், கனத்த மணி சுளகில் நிற்கும். கனத்தது எதுவோ அதுதான் நல்லது. இதை அவளுக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை, தாய்ப்பாலோடு வந்த புத்தி அது. வெள்ளை மணல் நிழல் பட்டதும் ஆறிவிடுகிறது என்பதை முதல் மாதமே கண்டுபிடித்தாள். கச்சான் காற்று ஊதி ஊதி வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போனபின் ஓடை கடலில் சேருகிற வாய்க்கு மேலே கருப்பாக ஒரு திட்டு ஒதுங்கும். அந்த மணல் கனம், சூட்டையும் விடாது. கடகப்பெட்டியில் சுமந்து வந்து சுளகில் போட்டுக் கொழித்தாள். லேசானது விளிம்பில் வழிந்து விழுந்தது. நின்ற கருமணலுக்குள் தேன் நிறத்தில் பொடிப் பொடியாக மஞ்சள் மணிகள் மின்னின. அதுதான் எல்லாவற்றிலும் கனம். மாரியம்மனே மஞ்சளைத் தூவி அனுப்பியிருக்கிறாள் என்று செல்லக்கிளி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்று வருஷம். தினம் ஒரு பெட்டி சுமந்தாள், ஒரு பெட்டியிலிருந்து இரண்டு பிடி தேற்றினாள், தேறியதைக் குழியில் போட்டாள். காலையில் வெயில் ஏறியதும் சந்தனமாரியை அதற்குள் இறக்கினால் உச்சிக்குத்தான் தூக்குவாள். ராத்திரிக்கு அந்த மணலையே துணிப்பையில் கட்டி முழங்காலோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். குழியிலிருந்து தூக்கியதும் காலைப் பிடித்துவிட்டு, கயிற்றைப் பிடிக்க வைத்து நிற்கப் பழக்குவாள். போன தையில் பெருவிரல் அசைந்தது. பங்குனியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றது. அந்த நாளில் செல்லக்கிளி அழுத அழுகையை அக்கம்பக்கம் எழவு விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தது. அந்தப் பிள்ளை பிடியில்லாமல் நாலு எட்டு நடக்கவேண்டும். செல்லக்கிளி சாமியிடம் கேட்டது அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்டதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சுளகை எடுத்து ஆபீசருக்குக் கொழித்தும் காட்டினாள். அவர் மிஞ்சியதை ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தா அக்கா?"

"இதுக்கு ஒரு வாத்தியார் வேணுமாக்கும்? நெல்லு புடைக்கத் தெரிஞ்சவளுக்கு மணலு புடைக்கத் தெரியாதா?"

"நாங்க பெரிய மெஷின் வச்சுப் பிரிக்கிறத நீங்க சுளகுல பிரிச்சிருக்கீங்க."

செல்லக்கிளிக்கு உச்சி குளிர்ந்தது. படித்த மனுஷன் வாயால் வந்த பாராட்டு. ஆனால் அவர் முகத்தில் பாராட்டு எதுவும் இல்லை என்பதையும் கண்டாள். "முதல்ல பாப்பாவ வெளிய எடுங்க" என்றார். இன்னும் நேரம் ஆகவில்லையே என்றாள். "எடுங்க அக்கா" என்று கத்திவிட்டார். அவள் பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் வெளியே வந்தது இதுதான்:

"இது சர்க்கார் மணல். இதை நீங்க வச்சிருக்கக் கூடாது."

எத்தனையோ சொல்லியிருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சர்க்கார் உத்தியோகம் நாக்கில் பூட்டுப் போட்டிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கே வாய் திறக்க உத்தரவில்லை.

மறுநாள் முன்சீப் அருமைநாயகம் தலையாரியைக் கூட்டிக்கொண்டு காகிதத்தோடு வந்தார். நின்றபடியே படித்தார். இன்னின்ன சட்டப்படி இந்த வகை மணல் மத்திய சர்க்காருக்குப் பாத்தியப்பட்ட கனிமம் என்றும், அதை எடுக்கவோ, சுமக்கவோ, சேர்த்துவைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதில் இருந்தது. அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாலும் அதில் கெடுதல் என்கிற ஒரு சொல் கிடையாது. நெருப்பு சுடும் என்று எழுதவேண்டிய இடத்தில் இந்த நெருப்பு எங்களுடையது என்று எழுதி வைத்தால், எவன் கையை எடுப்பான்?

"எங்க வீட்டுக்குப் பட்டா இருக்கு அண்ணாச்சி" என்றாள் செல்லக்கிளி.

"பட்டா மேல இருக்கிற மண்ணுக்குத்தாம்ளா. அடியில என்ன கிடந்தாலும் அது சர்க்காருக்கு."

"இது அடியில கிடக்கல. நான் தலையில சுமந்து கொண்டாந்தது."

"அது அதைவிடத் தப்பு" என்றார் முன்சீப். காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் உப்பளத்திலிருந்து வந்த இசக்கியப்பன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தான். "ஏளா, சர்க்காரோட வம்பு வேண்டாம். தூக்கிக் கடல்ல கொட்டிரு" என்றான்.

"கொட்டிட்டு? ஒங்க மக காலை யாரு தருவா? முன்சீப்பு தருவாரா?" என்று அவள் எகிறினாள். "உப்பு எடுத்தா சர்க்காரு, சங்கு குளிச்சா சர்க்காரு, முத்துக் குளிச்சா சர்க்காரு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாவ, யாரு என்ன கேட்டா? ஒரு முடவிப் புள்ளைக்கு ரெண்டு பெட்டி மணல் இல்லாமயா இந்த சர்க்காரு குடை சாஞ்சிரும்?"

இசக்கியப்பனுக்கும் பிள்ளை நடக்கவேண்டும். மறுநாள் காலையில் செல்லக்கிளி குழியைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டி மறைத்தாள். வெயில் ஏறியதும் சந்தனமாரியைப் பழையபடி உள்ளே இறக்கினாள்.

நாலு நாள் கழித்து தேவபிரசாதம் நடந்து வந்தார். ஜீப் இல்லை, பெட்டி இல்லை, முன்சீப் இல்லை. தட்டியை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"நோட்டீஸ் குடுத்தும் இப்படிப் பண்ணலாமா அக்கா?"

"நோட்டீசு மணலுக்குத்தான குடுத்திய? புள்ளைக்கு என்ன குடுத்திய?" அவளுக்குப் பயம்தான். ஆனால் வாய் நிற்கவில்லை. அப்போதுதான் அவருடைய சட்டைப்பையில் குத்தியிருந்த சின்னப் பட்டையைப் பார்த்தாள். முதல் நாளும் அது இருந்தது. ஏதோ ஆபீஸ் அடையாளம் என்று நினைத்திருந்தாள். பேச்சை மாற்றவேண்டி, "இது என்ன சார், பேரா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்லியிருக்கவேண்டாம். சொன்னார். மனசு பாரம் தாங்காமல் சொன்னாரோ என்னவோ.

"உள்ள பிலிம் இருக்கு. இந்த மணல்லேருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருது. அது என் உடம்புல எவ்வளவு பட்டிருக்குன்னு இது காட்டும். மாசம் முடிஞ்சதும் பம்பாய்க்கு அனுப்புவோம். அங்க கழுவிப் பார்த்துச் சொல்லுவாங்க."

செல்லக்கிளிக்குப் புரிய நேரமாயிற்று.

"அந்தக் கதிரு ஒடம்புல பட்டா என்ன ஆகும்?"

"அளவுக்கு மேல போனா உடம்புக்குக் கெடுதல்."

"நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இந்த மணல்கிட்ட நிப்பிய?"

"ஒரு மணி நேரம். சில நாள் அதுவும் இல்ல."

"இவ மூணு வருசமா இதுக்குள்ளதான் உக்காந்திருக்கா" என்றாள். "ஒங்களுக்கு எண்ணுதாங்க. இவளுக்கு யாரு சார் எண்ணுதா?"

தேவபிரசாதம் கடலைப் பார்த்தார். "பேட்ஜ் ஸ்டாஃபுக்கு மட்டும்தான்" என்றார். சொன்னபிறகு அது தன் காதிலேயே விழுந்ததுபோல அவர் முகம் சுருங்கியது. பிறகு வேகமாகப் பேசினார். இதைப்பற்றி வெளியே பேசக்கூடாது என்று தன்னிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றார். கெடுதல் கொஞ்சமாகவும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம், அளக்காமல் தன்னால் சொல்லமுடியாது என்றார். காலுக்குத் தெம்பு வந்தது சூட்டாலும் நிற்கப் பழக்கியதாலும்தான் இருக்கும், வெள்ளை மணலே போதும், இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் என்றார்.

"வெள்ளை மணல்ல ஆறு மாசம் வச்சுப் பாத்தேன், ஒரு விரலு அசையல. இதுல அசைஞ்சுது. நீங்களே தெரியாதுங்கிய. தெரியாத கெடுதலுக்குப் பயந்து தெரிஞ்ச நல்லத விட்டுருவேனா?" அவள் குரல் உடைந்தது. "கெடுதல்னு ஒரு காயிதம் சொல்லட்டும் சார். அந்த நிமிசமே குழிய மூடிருதேன். என் புள்ள மேல சத்தியம்."

அவர் தன் சட்டையில் இருந்த பட்டையைக் கழற்றி, குனிந்து, சந்தனமாரியின் பாவாடைச் சட்டையில் குத்தினார்.

"இதுல இருக்கிறது புது பிலிம், நேத்துதான் மாத்தினேன். பன்னிரண்டு நாள்ல முகாம் முடியுது. அதுவரைக்கும் கழற்றக்கூடாது. யாரு கேட்டாலும் காட்டக்கூடாது" என்றார்.

அந்த இடத்திலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கவேண்டிய மனுஷன். ஓடவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது என்பது அவர் படித்த படிப்பு. காகிதம் வராமல் எதையும் விடக்கூடாது என்பது அவள் பட்ட பாடு. நல்ல மனசு இரண்டு சேர்ந்து ஒரு பிள்ளையை மேலும் பன்னிரண்டு நாள் அந்தக் குழிக்குள் உட்கார வைத்தது.

சந்தனமாரிக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கார் பேட்ஜ் போட்ட பிள்ளை அந்தக் கரையில் அவள் ஒருத்திதான். கோழியிடம் காட்டினாள், நண்டிடம் காட்டினாள். குளிக்கும்போது கழற்ற வந்தால் கத்தினாள். ராத்திரி மணல்பையைக் காலில் கட்டிக்கொண்டு, பட்டையைக் கையால் மூடிக்கொண்டு தூங்கினாள். பத்தாம் நாள் உச்சியில் குழியிலிருந்து தூக்கிக் கயிற்றைப் பிடிக்க வைத்தபோது, "அம்மா, பாரு" என்று சொல்லிக் கயிற்றை விட்டுவிட்டாள். செல்லக்கிளி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வரை பிள்ளை பிடியில்லாமல் நின்றது. பத்துக்கு முன்னால் மடங்கி அவள் மடியில் விழுந்தது. செல்லக்கிளி குழிக்குள் கைவிட்டு ஒரு பிடி மணலை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டாள். ஆபீசரும் காகிதமும் பெட்டியும் போகட்டும், என் சாமி இந்தக் குழியில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு முழுசாக நம்பினாள்.

பன்னிரண்டாம் நாள் தேவபிரசாதம் வந்து பட்டையைக் கழற்றிக்கொண்டு போனார். பிள்ளை அழுதது. முகாம் முடிந்து அவர் தூத்துக்குடி ஆபீசுக்குப் போனார். காகிதம் எப்போது வரும் என்று கேட்டதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார். அதுவரைக்கும் மணலில் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். செல்லக்கிளி தலையை ஆட்டினாள். ஒன்பது வரை நின்ற பிள்ளையைப் பத்து வரை நிற்க வைக்காமல் எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

ஆடி கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. முதலில் இறங்கியவர் முன்சீப். பின்னால் இரண்டு ஆட்கள் சாக்கும் மண்வெட்டியுமாக. கையில் முழங்கைவரை ரப்பர் உறை மாட்டியிருந்தார்கள். முன்சீப் வாசலிலிருந்தே சத்தம் போட்டார்: "செல்லக்கிளி, மணலை எடுக்க உத்தரவு வந்திருக்கு. மறிக்காத."

அவள் பிள்ளையைக் குழியிலிருந்து வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆட்கள் தட்டியைப் பிடுங்கி எறிந்தார்கள். மூன்று வருஷம் பிடி பிடியாகச் சேர்த்த மணலைச் சாக்கில் அள்ளினார்கள். வாயைத் தைத்து அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். ஒவ்வொரு மூட்டையாக ஜீப்பின் பின்னால் ஏறியது. ஒரு பிடி கீழே சிந்தியபோது, "பாத்துலே, பாத்து" என்று முன்சீப் பதறினார். செல்லக்கிளி ரப்பர் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மணலை அவள் வெறும் கையால் அல்லவா அள்ளியிருந்தாள்? நெற்றியில் அல்லவா பூசியிருந்தாள்?

தேவபிரசாதம் ஜீப்பின் முன்சீட்டிலிருந்து இறங்கவே இல்லை. முகம் வெளிறிக் கிடந்தது. டிரைவர் சுந்தர்சிங் இறங்கி பீடி பற்றவைத்தபடி செல்லக்கிளியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"சாரைப் பாத்தியளா? பாவம். நேத்து பம்பாயிலேருந்து தந்தி. சாரு உடம்புல அந்தக் கதிர் அளவுக்கு மேல ஏறிப்போச்சாம். ஆபீஸே ஆடிப்போச்சு. இனிமே இந்த மணல் பக்கம் அவர் தலைவச்சுப் படுக்கக்கூடாதுன்னு ஆர்டர். இன்னைக்கே மதுரையில பிளேன் ஏறணும். பம்பாயில பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம், எலும்பு எல்லாம் பாக்கப் போறாங்க. மூணு டாக்டரு காத்துக்கிட்டு இருக்காங்களாம். போற வழியில மணலை எங்கேருந்து எடுக்கணும்னு இடத்தைக் காட்டத்தான் வந்தாரு."

ஐயோ பாவம் என்றுதான் செல்லக்கிளி முதலில் நினைத்தாள். நல்ல மனுஷன், கல்யாணம்கூட ஆகவில்லை, இப்படி ஆயிற்றே என்று. இடுப்பிலிருந்த பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அப்போது பிள்ளையின் சட்டையில் ஊசி குத்திய இரண்டு ஓட்டைகள் கண்ணில் பட்டன.

அந்தப் பன்னிரண்டு நாளும் பட்டை அவர் சட்டையில் இல்லை.

காது அடைத்துக்கொண்டது. மண்வெட்டிச் சத்தமும் முன்சீப் சத்தமும் எங்கேயோ தூரத்தில் கேட்டன. அவர் உடம்பில் ஏறவில்லை. அவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. பம்பாயில் மூன்று டாக்டர் யாருக்காகக் காத்திருக்கிறார்களோ அந்த ஆள் இதோ அவள் இடுப்பில் உட்கார்ந்து, ஜீப்பின் விளக்கைத் தொடக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நெல்லென்று நினைத்து அவள் தேற்றிய மணி. பதரென்று நினைத்து அவள் ஊதித் தள்ளிய நல்ல வெள்ளை மணல். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊரில் சிரிப்பதற்குச் சொல்வார்கள். என் கையால், என் கையால் என்று மட்டும் அவள் உதடு முணுமுணுத்தது.

ஜீப்புக்குப் போனாள். தேவபிரசாதம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காயிதம் வந்திருச்சாக்கும்" என்றாள்.

"வந்துருச்சு அக்கா."

"எவ்வளவு?"

"ஒரு ஆள் மேல இவ்வளவுதான் படலாம்னு ஒரு அளவு இருக்கு. அதைத் தாண்டியிருக்கு." அவர் கண் கலங்கியது. "பேட்ஜை மாத்திக் குடுத்தேன்னு சொன்னா வேலை போயிடும். போய்ச் சேர்ந்ததும் மெதுவா எடுத்துச் சொல்றேன். பாப்பாவுக்கு ஏதாவது ஏற்பாடு பண்றேன். நேத்து ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன்."

"பன்னெண்டு நாளுக்கு ஒங்களுக்குப் பிளேனு" என்றாள் செல்லக்கிளி. "மூணு வருசத்துக்கு இவளுக்கு மெதுவாவா?"

ஜீப்பைச் சுற்றி டிரைவர் பக்கமாகப் போனாள். பிள்ளையை உள்ளே தூக்கி, தேவபிரசாதத்துக்கும் டிரைவர் இடத்துக்கும் நடுவில் உட்கார வைத்தாள். சந்தனமாரி கைகொட்டிச் சிரித்தாள்.

"ஏம்மா, இறக்கு, இறக்கு! இது சர்க்கார் வண்டி" என்று சுந்தர்சிங் பீடியை எறிந்துவிட்டு ஓடிவந்தான். முன்சீப்பும் ஓடிவந்தார். "ஏளா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்கு ஒண்ணும் பிடிக்கல அண்ணாச்சி" என்றாள். குரல் உரத்து வரவில்லை. ஆனால் தெருவில் கூடியிருந்த கூட்டம் முழுக்கக் கேட்டது. "மணல் சர்க்காருதுன்னு சொன்னிய. சரி, அள்ளிக்கிட்டிய. ஒரு பிடி சிந்துனதுக்கே பதறுனிய. மூணு வருசம் அந்த மணலு ஊறுனது இந்த உடம்புல. இதுல எவ்வளவு சர்க்காருது, எவ்வளவு என்னுதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. சுளகுல போட்டுக் கொழிக்க முடியாதே! ஒங்ககிட்ட மெஷினு இருக்கு, டாக்டரு இருக்காரு. இவளையும் கொண்டுபோய்ப் பிரிச்சிட்டு, மிச்சத்தை எங்கிட்டக் குடுங்க."

ரப்பர் உறை மாட்டிய ஆள் ஒருவன் கையை வேட்டியில் துடைக்கப் போய், உறையைப் பார்த்து நிறுத்தினான். முன்சீப் தேவபிரசாதத்தைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க."

தேவபிரசாதம் ஜீப்பிலிருந்து இறங்கினார். சட்டைப்பையிலிருந்து தந்தியை எடுத்தார். பேனாவைத் திறந்து, ஜீப்பின் முன்மூடிமேல் வைத்து, தந்தியின் பின்பக்கத்தில் எழுதினார். அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முன்சீப்பிடம் நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. அந்தப் பன்னிரண்டு நாளும் பேட்ஜ் இந்தப் பிள்ளை சட்டையிலதான் இருந்துச்சு. ஏறினது என் உடம்புல இல்ல, இவ உடம்புல."

முன்சீப் காகிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். வாழ்நாளெல்லாம் காகிதத்தோடு பழகின மனுஷர். அந்த அரைப் பக்கத்தை மூன்றாம் தடவையும் படித்தார். ஜீப்புக்குள் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"பின்னால இந்தம்மாவும் அவ புருஷனும் உக்காரணும்" என்றார் தேவபிரசாதம் டிரைவரிடம். "மூட்டையை இறக்குங்க."

"சார், மூட்டைக்கு உத்தரவு இருக்கு. பிள்ளைக்கு உத்தரவு இல்லையே" என்றான் சுந்தர்சிங். கேட்டுவிட்டானே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவனே முதல் மூட்டையைத் தோளில் வாங்கினான்.

முத்திரை குத்தின மூட்டைகளை வேலியோரம் இறக்கி வைத்து, தலையாரியைக் காவல் நிறுத்தினார்கள். சேதி போய், உப்பளத்திலிருந்து இசக்கியப்பன் காலில் உப்புச் சேறு காயாமல் ஓடிவந்து ஏறிக்கொண்டான். என்ன ஏது என்று கேட்கக்கூட அவனுக்கு மூச்சு இல்லை. செல்லக்கிளி பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். ஜீப் கிளம்பியது.

"அம்மா, நான் இன்னைக்கு மணல்ல கொஞ்ச நேரந்தான இருந்தேன்" என்றாள் சந்தனமாரி. "சாயங்காலம் நிக்க முடியுமா?"

பிள்ளையின் கால்விரல் இடுக்குகளில் மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன. செல்லக்கிளி முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். விரலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் துடைத்தாள். விளாத்திகுளம் தாண்டியும் அவள் கை நிற்கவில்லை.